இரண்டு விரற்கடை நீலம்: பால் க்ளேயின் நிலக்காட்சியை அச்சில் வாங்கிய அனுபவம்

கேன்வாஸ் அச்சுக்கு 2 நட்சத்திரம். காகித அச்சுக்கு 5. ஒரே ஓவியம், ஒரே கடை. இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால், ஓவியத்தின் மேல் ஓரத்தில் இருக்கும் இரண்டு விரற்கடை நீலம்தான் காரணம். அந்த நீலம் இருந்தால் இது நிலக்காட்சி. இல்லாவிட்டால் வெறும் வண்ணக் கட்டங்கள். வாங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை முழுதாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். உருவங்களைக் காட்டாத அரூப ஓவியத்தை வீட்டுச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டு, யாராவது "இது என்ன?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று தயங்குகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ஓவியம் படித்தவன் இல்லை. நில அளவையாளனாக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். சங்கிலி பிடித்துத் தொடங்கி, தியோடலைட், டோட்டல் ஸ்டேஷன், கடைசியில் ஜிபிஎஸ் வரை கையில் எடுத்தாயிற்று. நிலத்தைக் காகிதத்தில் கோடாகவும், காகிதத்துக் கோட்டை நிலமாகவும் மாற்றி மாற்றிப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. ஓய்வு பெற்ற பிறகு என் மேசைக்கு எதிர்ச்சுவரில் ஒரு படம் வேண்டும் என்று தோன்றியது. மலைக்குப் பின்னால் சூரியன், ஆற்றில் படகு என்று திரையில் எத்தனையோ படங்கள் ஓடின. எதிலும் மனம் நிற்கவில்லை. ஓவியர் பால் க்ளே 1929-இல் வரைந்த இந்தப் படம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. ஜெர்மன் பெயரைத் தமிழில் 'பெருவழியும் கிளைவழிகளும்' என்று சொல்லலாம். அசல் ஜெர்மனியில் கொலோன் நகரின் லுட்விக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 83.7 செ.மீ., அகலம் 67.5 செ.மீ.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். படம் முழுக்கப் பட்டைகள். ரோஜா, செம்மஞ்சள், காவி, பச்சை, நீலம், எல்லாமே வெயிலில் கொஞ்சம் வெளுத்தது போன்ற நிறங்கள். நடுவில் ஒரு பாதை கீழிருந்து மேலே போகிறது. கீழே அகலமாகத் தொடங்கி, போகப்போகக் குறுகுகிறது. அதன் குறுக்கே படிகள் மாதிரி கோடுகள். இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வழிகள் சாய்கின்றன, கோணுகின்றன, உடைகின்றன, பக்கத்து வழியோடு சேர்ந்துகொள்கின்றன. எல்லாம் மேலே போய் நீலமும் ஊதாவும் கலந்த கிடைமட்டப் பட்டைகளில் முட்டி நிற்கின்றன. மரமோ வீடோ மனிதரோ எங்கும் கிடையாது. எனக்கு மட்டும் பார்த்த அந்த நொடியே வயல் தெரிந்தது. வாய்க்காலுக்குச் செங்குத்தாக நீளநீளமாகக் கிழித்துப்போட்ட வயல்கள்.

சரி, கேன்வாஸ் அச்சுக்கு வருகிறேன். 50×40 செ.மீ. அளவில் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியது. பெட்டி கெட்டியாக இருந்தது, மூலைகளில் நுரைக் காப்பு, மாட்டுவதற்குக் கொக்கி, எல்லாம் சரி. பின்பக்க ஒட்டுத்தாளில் ஓவியர் பெயரும் ஆர்டர் எண்ணும் மட்டும்தான் இருந்தன. ஓவியத்தின் பெயர் இல்லை. அன்று மாலையே மாட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் ஏதோ சரியில்லை. திரையில் என்னை நிறுத்திய படம் இது இல்லை என்று மட்டும் தெரிந்தது, என்ன குறை என்று பிடிபடவில்லை. என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "என்னங்க, ஜமுக்காளத்த மடிச்சு மாட்டுன மாதிரி இருக்கு" என்றாள். அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை. கண்ணுக்கு உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. நிறம் இருக்கிறது, கோடு இருக்கிறது, ஆனால் எதுவும் எங்கும் போகவில்லை. துணியாகத் தட்டையாகக் கிடந்தது.

மறுநாள் காலை பக்கவாட்டில் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. மேல் விளிம்பில், சட்டத்தின் கனத்தின் மீது, நீலம் மடிந்து கிடந்தது. முன்பக்கத்தில் நூல் மாதிரி ஒரு கோடு நீலம் மட்டும் மிச்சம்.

அளவுகோலை எடுத்தேன், பழக்கம் விடுமா. சட்டத்தின் கனம் மூன்றரை செ.மீ. படத்தை நான்கு பக்கமும் அந்த அளவுக்கு விளிம்பில் மடித்து ஒட்டியிருக்கிறார்கள். ஆக மொத்தம் அச்சான படம் 57×47. கண்ணுக்குத் தெரிவது 50×40. பெருக்கிப் பாருங்கள்: 2,679 சதுர செ.மீ.யில் 2,000 மட்டும்தான் முன்பக்கம். ஓவியத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு சட்டத்தின் ஓரத்துக்குப் போய்விட்டது! அசலின் கணக்கில் சொன்னால், நான்கு புறமும் ஏறத்தாழ 5 செ.மீ. நறுக்கியதற்குச் சமம். பக்கவாட்டில் போனது கிளைவழிகள். கீழே போனது பாதையின் தொடக்கம். மேலே போனது நீலம். பூவோ மலையோ உள்ள படத்தில் ஓரம் கொஞ்சம் மடிந்தால் பெரிய நஷ்டம் தெரியாது, நடுவில் உள்ளது உள்ளபடி இருக்கும். இந்த மாதிரி ஓவியத்தில் ஓரம்தான் உயிர்.

ஏன் அப்படி என்பதை என் தொழில் வழியாகத்தான் எனக்குச் சொல்லத் தெரியும். நில வரைபடத்தில் தொடுவானம் கிடையாது. நேர் மேலேயிருந்து பார்ப்பது அது. தூரத்து வயலும் பக்கத்து வயலும் ஒரே அளவுவிகிதத்தில் இருக்கும். தரையில் நின்று பார்க்கிற காட்சி வேறு. பக்கத்தில் இருப்பது பெரிது, தூரத்தில் இருப்பது சிறிது, கடைசியில் ஒரு கோட்டில் மண் முடிந்து வானம் தொடங்கும். க்ளே இந்த இரண்டையும் ஒரே படத்தில் வைத்திருக்கிறார். இரண்டு பக்கத்துப் பட்டைகளையும் பாருங்கள், வரைபடம். பருந்து பார்க்கிற வயல். நடுப்பாதையைப் பாருங்கள், அது குறுகிக்கொண்டே போவதால் நீங்கள் தரைக்கு இறங்கிவிடுகிறீர்கள், காலுக்கு முன்னால் வழி தொடங்குகிறது. மேலே உள்ள நீலம்தான் இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் பஞ்சாயத்துப் பண்ணுகிறது. அது வானமாகவும் இருக்கலாம், தூரத்தில் குறுக்கே ஓடும் ஆறாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் 'அங்கே' என்று ஒரு இடம் பிறந்துவிடுகிறது. அங்கே என்று ஒன்று இருந்தால்தானே இங்கே என்று ஒன்று இருக்கும்? நீலத்தை மடித்து ஓரத்தில் ஒட்டிவிட்டால் பாதைக்குப் போய்ச்சேர இடமில்லை. பாதை கட்டமாகிவிடும், கட்டம் ஜமுக்காளமாகிவிடும்.

இதை வாயால் சொல்லி வீட்டில் யாரையும் நம்பவைக்க முடியாது என்று தோன்றியது. பத்து வயதுப் பேத்தியின் கைவினைப் பெட்டியிலிருந்து வெளிர்நீலக் காகிதம் ஒன்றை வாங்கி, இரண்டு விரற்கடை அகலத்தில் கிழித்து, கேன்வாஸுக்கு மேலே சுவரோடு ஒட்டினேன். ஓரம் நேராக வெட்டவில்லை, க்ளேயின் கோடும் நேராக இருக்காது. மனைவியைக் கூப்பிட்டேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள் வாசலிலேயே நின்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "இப்பத் தூரம் தெரியுதுங்க" என்றாள். காகிதத்தை எடுத்தேன். "போயிருச்சு." திரும்ப வைத்தேன். "வந்துருச்சு." மூன்று முறை எடுத்து வைத்துப் பார்த்தோம். அரூப ஓவியத்தில் பார்க்கிறவர் மனம் போனபடி எதையாவது கற்பனை செய்துகொள்ளலாம், எல்லாம் சரிதான் என்று சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஒரு பட்டை நீலத்தை எடுத்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரி தூரம் காணாமல் போகிறதே. அப்படியானால் அந்தத் தூரம் படத்தில்தான் இருக்கிறது, நம் கற்பனையில் மட்டும் இல்லை.

கடைக்கு எழுதினேன். கோபமாக எழுதவில்லை. அசல் படத்தின் மீது, முன்பக்கத்தில் தெரியும் பகுதியைச் சிவப்புக் கோட்டால் வரைந்து, அளவும் குறித்து அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. கேன்வாஸ் அச்சுகளை எல்லாம் ஒரே முறையில்தான் மடிப்போம், படத்துக்குப் படம் பார்ப்பதில்லை என்று நேர்மையாகவே ஒப்புக்கொண்டார்கள். முன்பே கேட்டிருந்தால் வெள்ளை ஓரம் விட்டோ, ஓரத்துக் கோடுகளைக் கண்ணாடிபோல் திருப்பி அச்சிட்டோ கட்டித் தந்திருப்போம் என்றும் சொன்னார்கள். அப்படி ஒரு வசதி இருப்பது பொருள் விவரத்தில் எங்கும் இல்லை. நான் குறைத்த மூன்று நட்சத்திரமும் அதற்குத்தான். மாற்றாகக் காகித அச்சு அனுப்புகிறோம், கேன்வாஸைத் திருப்ப வேண்டாம் என்றார்கள்.

அது வருவதற்குப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் நீலக் காகிதம் சுவரிலேயே இருந்தது. அந்த நாட்களில்தான் படத்தை உண்மையாகப் பார்க்கத் தொடங்கினேன் என்று சொல்ல வேண்டும்.

ஒரு நாள் படத்தைத் தலைகீழாக மாட்டிப் பார்த்தேன். க்ளேக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவர், அரூப ஓவியத்தின் முன்னோடி வாசிலி கண்டின்ஸ்கி. 1926 முதல் ஜெர்மனியின் டெஸ்ஸாவில், பௌஹவுஸ் என்ற கலைப்பள்ளி தன் ஆசிரியர்களுக்குக் கட்டிக்கொடுத்த இரட்டை வீடு ஒன்றில் ஒரு பாதியில் இவர், மறுபாதியில் அவர். கண்டின்ஸ்கி அதற்கு ரொம்ப வருடம் முன்பு, மியூனிக்கில் ஒரு மாலை மங்கலில் தன் அறைக்குள் நுழைந்தபோது, சுவரோரம் அற்புதமான ஒரு படத்தைப் பார்த்துத் திகைத்துப் போனாராம். என்னவென்றே தெரியவில்லை, வடிவமும் நிறமும் மட்டும் ஜொலித்ததாம். கிட்டப் போனால் அவர் வரைந்த படமேதான், பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பொருள்களின் உருவம்தான் தன் ஓவியத்துக்குக் கெடுதல் செய்கிறது என்று அன்று தோன்றியதாக எழுதியிருக்கிறார். அந்த நினைப்பில் நானும் க்ளேயைத் திருப்பினேன். ஆனால் எனக்குக் கிடைத்தது வேறு. தலைகீழாக வைத்தால் பாதை மேலே விரிந்து என் தலைமேல் சரிகிறது. நிறங்கள் அதே நிறங்கள், அழகாகவும்தான் இருந்தன. ஆனால் நிற்க இடமில்லை. அப்படிப் பார்த்தால் க்ளே கண்டின்ஸ்கி போன வழியில் முழுதாகப் போகவில்லை. மரத்தை விட்டார், வீட்டை விட்டார், எடையை விடவில்லை. கீழே கனம், மேலே லேசு என்கிற மண்ணின் நியாயம் படத்தில் அப்படியே இருக்கிறது.

அப்புறம் எகிப்து. க்ளே 1928 டிசம்பரில் எகிப்துக்குப் போய் 1929 ஜனவரியில் திரும்பினார். இந்தப் படம் அதே வருடம் வரைந்தது. அது தெரிந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் தொழிலே அங்கே பிறந்தது என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள். நைல் வெள்ளம் ஒருவனின் நிலத்தை அரித்துக்கொண்டு போனால், எவ்வளவு போனது என்று அளக்க மன்னன் ஆள் அனுப்புவான், அதற்கேற்ப வரியைக் குறைப்பான். வடிவியல் அப்படித்தான் உண்டாகியிருக்க வேண்டும் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அந்த வெள்ளம் வந்து வந்து போன வயல்களைத்தான் க்ளே பார்த்துவிட்டு வந்து, அதே பட்டைகளை வரைந்திருக்கிறார்.

எகிப்திலிருந்து வந்தபிறகு அவர் வரைந்த படங்களில் ஒரு கணக்கு உண்டு. ஒரு பட்டை இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். முழுசு, அரை, கால், அரைக்கால். பாகம் பிரித்துப் பிரித்து வரப்பு நெருங்கிக்கொண்டே வருகிற நிலத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரு புலம், அதில் உட்பிரிவு, உட்பிரிவுக்குள் இன்னொரு உட்பிரிவு. (தமிழில் 'காணி' என்றால் நிலம். எண்பதில் ஒரு பங்கு என்ற பின்னமும் காணிதான். நிலத்துக்கும் பின்னத்துக்கும் ஒரே சொல் வைத்த மொழி இது. க்ளேயின் படம் நமக்கு அந்நியமாக இருக்க வேண்டிய காரணமே இல்லை.) ஆனால் என் வரைபடத்தில் கோடு தப்பினால் வழக்கு வரும். க்ளேயின் கோடுகள் வேண்டுமென்றே தப்புகின்றன. ஒரு பட்டை பக்கத்துப் பட்டையோடு பொருந்தாமல் ஒரு மயிரிழை இறங்கி நிற்கும். கண் அங்கே இடறும், நின்று பார்க்கும், நகரும். நடுப்பாதையில் இந்த இடறல் குறைவு. அதனால்தான் கண் அதில் வேகமாக ஏறுகிறது. பக்கவழிகளில் தங்கித் தங்கிப் போகிறது. பெருவழி, கிளைவழி என்ற வித்தியாசத்தை அவர் வரைந்து காட்டவில்லை, நம் கண்ணை அந்தந்த வேகத்தில் நடக்கவைத்துக் காட்டுகிறார்.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, பேத்தி. விரலை வைத்து நடந்து பார்த்தாள். நடுப்பாதையில் ஒரே மூச்சில் மேலே போய் நீலக் காகிதத்தைத் தொட்டுவிட்டாள். அடுத்து இடது பக்கம் ஒரு வழியில் ஏறினாள். பாதி தூரத்தில் விரல் நின்றது. "தாத்தா, இங்க வழி முடிஞ்சுபோச்சு."

"பக்கத்துல பாரும்மா, வேற வழி இருக்கா?"

"இருக்கு, ஆனா சின்னதா இருக்கு. போலாமா?"

"போயேன்."

போனாள். அந்த வழி இன்னும் மெலிந்து, ஒரு பச்சைப் பட்டையைத் தாண்டி, கேன்வாஸின் ஓரத்தில் மடிந்து மறைந்தது. விரலும் ஓரத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனது. "தாத்தா, படத்துக்கு வெளியே போயிட்டேன்" என்றாள். கேன்வாஸ் அச்சின் குறையை இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

காகித அச்சு உருளையில் சுருட்டி வந்தது. மெல்லிய தாள் சுற்றி, உருளைக்குள் இடம் விட்டு வைத்திருந்தார்கள், ஒரு மடிப்பும் இல்லை. கனமான பருத்திக் காகிதம், பளபளப்பு இல்லாதது. படம் 62×50, சுற்றிலும் நான்கு செ.மீ. வெள்ளை. அசலின் நான்கு ஓரமும் முழுதாக இருக்கின்றன. பிரித்து மேசையில் விரித்து நான்கு மூலையிலும் புத்தகம் வைத்தேன். இரண்டு நாள் அப்படியே கிடந்து சமமான பிறகுதான் சட்டம் போடக் கொடுத்தேன். நீங்களும் அவசரப்படாதீர்கள்.

நிறத்தில் நல்ல வித்தியாசம். கேன்வாஸ் அச்சில் செம்மஞ்சள் கத்தியது, மேலே பூசிய வார்னிஷில் விளக்கு பளீரென்று தெரிந்தது. காகிதத்தில் அதே செம்மஞ்சள் சுட்ட மண் மாதிரி அடங்கியிருக்கிறது. அருங்காட்சியகத்தின் படத்தோடு வைத்துப் பார்த்தேன், திரைக்கும் காகிதத்துக்கும் இயல்பாக உள்ள வேறுபாட்டைக் கழித்துவிட்டால் நெருக்கமாகவே இருக்கிறது. ஒன்று மட்டும் எந்த அச்சிலும் வராது. அசலில் க்ளே தடித்த வெள்ளைப் பூச்சின்மேல் வேலை செய்திருக்கிறார், கோடுகள் அதில் கீறிய கோடுகள். ஏர் உழுத சால் போல அவற்றுக்கு ஆழம் உண்டு. அச்சில் அந்த ஆழம் வெறும் கருமையாகத் தெரிகிறது. இது கடையின் குற்றமில்லை. ஆனால் படம் பிடித்தவர் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்திருப்பதால் சில இடங்களில் கீறலின் ஒரு கரை வெளிச்சமாகவும் மறுகரை நிழலாகவும் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்து நடுப்பாதையின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். ஒரு ரோஜாநிறப் பட்டை ஒரே ரோஜாவாக இல்லை. அடியிலிருந்து வெள்ளை எட்டிப் பார்க்கிறது, நடுவில் லேசான மஞ்சள், கோட்டை ஒட்டிய இடத்தில் தூரிகை நின்று திரும்பிய தடம். 50 அளவு கேன்வாஸில் இது எதுவும் தெரியவில்லை, நெசவின் புள்ளி எல்லாவற்றையும் மூடியிருந்தது.

இந்தப் படத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பொருள், வாழ்க்கைப் பயணம். நேரான வழி ஒன்று, திசைமாற்றும் வழிகள் பல என்று. பெயரும் அதற்கு இடம் கொடுக்கிறது. எனக்கு அது போதவில்லை. நேர்வழியைப் புகழ்வதுதான் நோக்கம் என்றால், பக்கவழிகளுக்கு இத்தனை உழைப்பு எதற்கு? படத்தின் பெரும்பகுதி பக்கவழிதான். கோடு யோசிப்பதும், தயங்குவதும், புது நிறத்தைச் சந்திப்பதும் அங்கேதான். அதோடு, க்ளே பல படங்களுக்கு வரைந்து முடித்த பிறகுதான் பெயர் வைப்பார். அதனால் பெயரைச் சாவியாக எடுத்துக்கொண்டு படத்தைத் திறக்கப் பார்ப்பது தலைகீழ் வேலை. பின்பக்கத்தில் பெயர் ஒட்டாமல் அனுப்பியது கடை செய்த பிழைதான், ஆனாலும் அதனால் எங்கள் வீட்டில் நல்லதே நடந்தது. மனைவியும் பேத்தியும் பெயர் தெரியாமலே தூரத்தையும் வழியையும் கண்டுபிடித்தார்கள். ஒரு வாரம் பெயரைப் பார்க்காமல் படத்தோடு இருந்து பாருங்கள்.

இசையாகவும் இதைப் பார்க்கலாம். க்ளே நல்ல வயலின் கலைஞர், இசைக்குடும்பத்தில் பிறந்தவர். படிகளை மேலிருந்து கீழாகப் படித்தால் தாளக்கட்டு மாதிரி விழுகிறது. இசை தெரிந்தவர்களுக்கு அது இன்னும் திறக்கும். எனக்கு நிலம்தான் வழி.

நிலம் என்றதும் திணை நினைவுக்கு வராமல் இருக்காது. தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது இரண்டைத்தான்: நிலம், பொழுது. அதற்குப் பிறகுதான் பறவையும் மரமும் தொழிலும். அரூப நிலக்காட்சியின் முன்னால் நிற்கும்போது இந்த வரிசை எனக்குப் பெரிய உதவி. பறவையையும் மரத்தையும் தேடாதே, அவை கருப்பொருள், ஓவியர் அவற்றை எடுத்துவிட்டார். நிலம் எது, பொழுது எது என்று மட்டும் கேள். இந்தப் படத்தில் நிலம் வயல், ஆகவே மருதம். பொழுது? எந்தப் பட்டைக்கும் நிழல் இல்லை. நிறமெல்லாம் வெளுத்திருக்கிறது. உச்சி வெயில். நண்பகல் பாலைக்கு உரிய பொழுது, பாலை என்றால் பிரிவு, ஒருவர் வழிநடந்து போய்க்கொண்டிருக்கிறார் என்று பொருள். மருதத்து வயலில் பாலையின் பொழுது. நம் இலக்கணத்தில் இதற்குத் திணைமயக்கம் என்று பெயரே இருக்கிறது. இப்படிப் பார்த்த பிறகு, ஆளே இல்லாத அந்த நடுப்பாதை எனக்கு வெறும் பாதையாக இல்லை. யாரோ போய்விட்ட பாதையாக இருக்கிறது. க்ளே இதை நினைத்து வரைந்தார் என்று சொல்ல மாட்டேன். நிழலில்லாத வெளிச்சமும் ஆளில்லாத வழியும் அவர் வைத்தவை. அவற்றை எனக்குத் தெரிந்த மொழியில் படிக்கிறேன்.

இதே கேள்விகளை மற்றப் படங்களிடமும் கேட்டுப் பார்த்தேன். அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்ன் 1951-இல் விமானத்திலிருந்து பாலைநிலத்தைப் பார்த்த அனுபவம் தன் ஓவியத்தை மாற்றியது என்று சொல்லியிருக்கிறார். 1967-இல் தொடங்கி அவர் வரைந்த 'ஓஷன் பார்க்' வரிசைப் படங்களில் என் வரைபடங்களின் சுத்தம் இருக்கிறது, அழித்து அழித்துப் போட்ட கோட்டின் தடமும் அப்படியே இருக்கிறது. இன்னொரு அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கென்தாலர் 1952-இல் வரைந்த 'மலைகளும் கடலும்' நேர்மாறு. நீர்த்த வண்ணத்தைப் பூச்சில்லாத துணியில் ஊறவிட்டது, கோடு அளக்க முடியாது, நிற்கும் இடமும் பிடிபடாது. ஈரம் மட்டும் தெரியும். அதை அச்சில் வாங்குவதாக இருந்தால் எந்தக் காரணத்துக்காகவும் ஓரம் மடித்த கேன்வாஸில் வாங்காதீர்கள். அதன் ஓரங்களில் அவர் தொடாமல் விட்ட துணியும் படம்தான்.

வாங்குகிறவர்களுக்கு நடைமுறையாகச் சில வார்த்தைகள். அசலின் அளவைத் தேடி, அகல உயர விகிதத்தை நீங்கள் வாங்கும் அளவோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் எங்கோ நறுக்கியிருக்கிறார்கள். கேன்வாஸ்தான் வேண்டும் என்றால் ஓரம் எப்படி மடிக்கப்படும் என்று எழுதிக் கேளுங்கள். சட்டத்துக்குச் சாதாரணக் கண்ணாடி போட்டால் எதிர் ஜன்னல் முழுக்க உங்கள் நீலத்தின் மேல் வந்து உட்காரும், பிரதிபலிக்காத கண்ணாடி கேட்டு வாங்குங்கள். படத்தின் நடு தரையிலிருந்து 145 செ.மீ. அளவில் இருக்கட்டும். நான் உட்கார்ந்து பார்க்கிற இடம் என்பதால் கொஞ்சம் இறக்கினேன், தொடுவானம் கண்ணுக்கு நேரே வந்தது, உடனே நான் நிற்கும் இடம் மாறியது. மூன்று மீட்டரில் ஒரு முறை, அரை மீட்டரில் ஒரு முறை பாருங்கள். தூரத்தில் பெருவழி தெரியும், கிட்டத்தில் கிளைவழிகள்.

கடைக்கு ஒரு வேண்டுகோள். பொருள் பக்கத்தில் கேன்வாஸின் பக்கவாட்டுப் படம் ஒன்றைப் போடுங்கள். எந்தப் பகுதி மடியும் என்று ஒரு கோடு போட்டுக் காட்டினால் போதும், நான் அனுப்பிய சிவப்புக் கோட்டையே பயன்படுத்திக்கொள்ளலாம். ஒட்டுத்தாளில் ஓவியத்தின் பெயரையும் ஆண்டையும் அச்சிடுங்கள். உறையில் போட்டு, ஒரு வாரம் கழித்துப் பிரிக்கவும் என்று எழுதி அனுப்பினாலும் சந்தோஷம்தான்.

பழைய கேன்வாஸைப் பேத்தி தன் அறைக்கு எடுத்துக்கொண்டாள். மேலே நீலக் காகிதத்தையும் சேர்த்துத்தான். ஒட்டுப்பசை காய்ந்து ஒரு முனை தொங்கியபோது புதிதாக ஒன்று வெட்டி வைத்திருக்கிறாள், இந்த முறை இரண்டு நீலம், கீழே கருநீலம், மேலே வெளிர்நீலம். ஆறும் வானமும் என்கிறாள்.